தமிழில் வந்த இரண்டு படிவங்கள்

1. காலைக் கூட்டம்

பதுளையில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் ரெகவரி ஒபிசராக இருந்தேன். தவணை கட்டாதவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கும் வேலை. என்னைக் கண்டால் நாய்கூடக் குரைக்காது. ஆனாலும் ஒன்பது வருடம் தாக்குப்பிடித்தேன்.

எங்களைப் பயமுறுத்தியது காலைக் கூட்டம்தான். எட்டு மணிக்குக் கிளையில் உள்ள எட்டுப் பேரும் வரிசையில் நிற்க வேண்டும். டார்கட் தவறியவர் ஓரடி முன்னால் வந்து, ஏன் தவறியது என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் அரைநாள் வெட்டு.

மெனேஜர் பதுளை பசார் கடைக்காரக் குடும்பம். "எஸ்டேட் மூளைய வாசல்ல கழட்டி வச்சிட்டு வாங்க" என்பார். முதலில் சிரிப்பவன் நான்தான். அப்புத்தளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் என்பதை அங்கே யாருக்கும் சொன்னதில்லை. ஊர் கேட்டால், "டவுன்தாங்க."

2. பெயர் தேவையில்லை

ஒருநாள் ஹெட் ஒபிசிலிருந்து எல்லோருடைய போனுக்கும் ஒரு படிவம் வந்தது. நிர்வாகத்தைப் பற்றி மனந்திறந்து எழுதலாம், பெயர் தேவையில்லை, விரும்பிய மொழியில் எழுதலாம்.

தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்பார்கள். முழுநாள் சம்பளம் விழுந்தால் முழுப் பேர், அரைநாள் என்றால் அரைப் பேர். பஸ்ஸில் இருந்தபடி எழுதினேன்: "எங்கள் கிளையில் தினமும் பெரட்டு நடக்கிறது. பிந்தினால் அரைப் பேர். கொழுந்துக் கூடை மட்டும் இன்னும் தரவில்லை." என் பகிடிக்கு நானே சிரித்துவிட்டு அனுப்பினேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். எட்டுப் பேரில் ஆறு பேர் சிங்களத்தில் எழுதுகிறவர்கள். தமிழில் எழுதுவது நானும் கவுண்டரில் இருந்த கோகிலாவும் மட்டும். அவள் பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளை. அந்த வெள்ளிக்கிழமை அவளுடைய ப்ரொபேஷன் முடிகிறது.

3. மெனேஜரின் நம்பிக்கை

ஹெட் ஒபிஸ் பதில்களைக் கிளைவாரியாகப் பிரித்து மெனேஜருக்கே அனுப்பிவிட்டது. புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார். மேசையில் தமிழில் இரண்டு தாள்கள். ஒன்றில் "எல்லாம் நன்று." மற்றது என்னுடையது.

"குணா, இது யாரு வேலைன்னு தெரியுதா?"

தாளைத் தொடாமலே சொன்னேன்: "தெரியல சேர்."

"பயப்படாத, ஒன்ன சொல்லல. ஒனக்கு அவ்வளவு தைரியம் ஏது? பெரட்டு, அரைப் பேருன்னு எழுதணும்னா தோட்டத்து ஆளாத்தான் இருக்கணும். அந்தப் பிள்ளைய ப்ரொபேஷனோட நிப்பாட்டிருவோம்."

அவமானமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. கதவுவரை வருவதற்குள் அந்த நிம்மதியே பெரிய அவமானமாகிவிட்டது.

மத்தியானம் கோகிலா கேட்டாள்: "அண்ணே, சேர் எம் மொகத்தையே பாக்க மாட்டேங்கிறாரு. எல்லாம் நன்றுன்னுதானே எழுதினேன்?"

"டொய்லட்ல போயி அழுதுட்டு வர்றவ ஏன் அப்படி எழுதின?"

"வேல வேணும்லண்ணே. இந்த மாசத்தோட கொழுந்தெடுக்க மலைக்குப் போக வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

அன்றிரவு வேறு கம்பனிக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். என்னைப் பற்றிச் சொல்லக்கூடியவர் யார் என்று கேட்டிருந்த இடத்தில் மெனேஜர் பெயரைத்தான் எழுத வேண்டியிருந்தது.

4. ஓரடி முன்னால்

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டை மூன்று முறை சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் பிந்திப் போனேன். எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

"குணா, அரைநாள்."

"சரி சேர். அரைப் பேர் போட்டுக்குங்க." டார்கட் தவறியவனைப்போல ஓரடி முன்னால் வந்தேன். "அந்தத் தாளு என்னோடது. நானும் லயத்துல பொறந்தவன். எங்கப்பா பிந்திப் போயி, வேல குடுக்காம பெரட்டுல இருந்து திரும்பி வந்தத பாத்தவன். கோகிலா ஒண்ணும் எழுதல."

மெனேஜர் வரவுப் புத்தகத்தை மூடினார். "இத ரூமுக்கு வந்து சொல்லியிருக்கலாமே?"

"ரூமுல கேட்டா பயத்துல மாத்திச் சொல்லிருவேன் சேர்."

சாயந்தரம் கோகிலாவுக்கு நிரந்தர நியமனக் கடிதம் கிடைத்தது. எனக்கும் ஒரு கடிதம்: பிபிலைக் கிளைக்கு மாற்றம். காலைக் கூட்டம் நின்றுவிடவில்லை.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பெயர் வேண்டாம் என்று படிவம் வந்தால், முதலில் உங்கள் மொழியில் எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். நீங்கள் கையெழுத்து வைக்காவிட்டால், பக்கத்து மேசைக்காரி வைத்ததாகிவிடும்.

அன்று சாயந்தரம் நான் கிளம்பும்போது கோகிலா வாசல்வரை வந்தாள். "அண்ணே, இன்னைக்கு ஒங்களுக்கு முழுப் பேருதான்."

மாதக் கடைசியில் சம்பளச் சிட்டையைப் பார்த்தேன். அரைநாள் வெட்டித்தான் இருந்தார்கள்.