றெஜினா அக்கா எழுதவிடாத பெயர்

மீன் கழுவிக்கொண்டிருந்தபோது றெஜினா அக்காவின் மகன் அந்தோணியின் போன் வந்தது. ஈரக்கையோடு எடுத்தேன். "சித்தி, அம்மா போயிட்டாவ," என்றான். நம் பங்கில், இந்தத் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் நம் அன்பியத்தில், எந்த வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நின்றவர் றெஜினா அக்கா. அவர் வீட்டுக்கு நான் ஐந்தாவதோ ஆறாவதோ ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

அவரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். மன்னாரிலிருந்து கைக்குழந்தையோடு படகேறி வந்து, சில வருடம் முகாமில் இருந்து, பிறகு நம் தெருவில் குடியேறியவர். தையல் மிஷினை மிதித்தே மகனைப் படிக்க வைத்தார். காலைப் பூசைக்கு அவர் வராத நாளை நான் பார்த்ததில்லை. பாட்டில் சுருதி சேராது, சத்தம் மட்டும் குறையாது. கொஞ்சம் மெல்லப் பாடுங்கக்கா என்றால், "அவர் தூரத்தில எல்லோ இருக்கிறார்," என்பார். ஆண்டவரைச் சொல்கிறார் என்று நினைத்து நாங்கள் சிரிப்போம்.

அவர் வந்த புதிதில் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன். "அவர் இல்லை," என்றார். அப்படிச் சொன்னால் நாம் என்ன நினைப்போம்? அந்த வருடம் கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எழுதியது நான். பாவம், கேட்கக் கூச்சப்படுகிறார் என்று அவர் கணவர் யேசுராசாவின் பெயரையும் நானே சேர்த்துவிட்டேன். பெயர் வாசிக்கப்பட்டதும் அக்கா எழுந்து வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன்.

"பிள்ளை, அவர் செத்தார் எண்டு நான் எப்ப சொன்னனான்? என்னோட இல்லை எண்டுதானே சொன்னனான்."

மனைவியையும் பிள்ளையையும் படகில் ஏற்றிவிட்டு, அடுத்த படகில் வருகிறேன் என்று சொன்ன மனிதர் அவர். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. இதையெல்லாம் அன்றுதான் சொன்னார். மறுநாள் எனக்கு இடியாப்பம் கொண்டுவந்து கொடுத்தார். வெட்கத்தில் எனக்குத்தான் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

பிறகொரு புயலில் நம் தெரு சூசையின் படகு திரும்பவில்லை. நான்காம் நாள் சொந்தக்காரர்கள் ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அக்கா சூசையின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 'இருந்தார்' என்று பேசிய ஒவ்வொருவரையும் 'இருக்கிறார்' என்று திருத்தினார். இப்படி வீண் ஆசை காட்டுகிறாரே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஆறாம் நாள், சூசை வேறொரு துறைமுகத்தில் கரையேறிவிட்டதாகச் செய்தி வந்தது. அக்கா அழுததை அன்றுதான் பார்த்தேன். உங்களுக்கு இப்படி ஒரு செய்தி வரவில்லையே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஒரு வீட்டுக்கு வந்திட்டுதல்லோ, பிள்ளை. அது காணும்," என்றார். காணும் என்றால் அவர் ஊரில் போதும் என்று பொருள். அப்படி ஒரு மனசு எனக்கு வாய்க்கவில்லை.

அக்கா போன அன்று மதியம், அஞ்சலி நோட்டீஸைச் சரிபார்க்கச் சொல்லி அச்சகத்திலிருந்து அந்தோணியின் போனுக்கு அனுப்பினார்கள். 'காலஞ்சென்ற யேசுராசா அவர்களின் மனைவி' என்று போட்டிருந்தது. அச்சகத்துக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அது வழக்கமாகப் போடும் வரி. அந்தோணி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பாவின் முகம்கூட நினைவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவர் வருவார் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது, அவனுக்கும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு சொல்லை எடுத்துவிடச் சொல்லி அவனே அச்சகத்துக்குப் பேசினான். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அப்பா வந்தா, அம்மா போனத யாரு சித்தி சொல்லுவா?"

நான் சொல்கிறேன் என்றேன். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, அவருக்காகக் காத்திருக்கும் அந்த வேலைதான்.