குங்குமம் வைத்த ராணி ரூபாய்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் திருப்பிப் பார்த்தால், இரண்டிலும் பொடிப் பொடியாகப் பல் பதிந்த தடம் இருக்கும். பழைய வெள்ளி ரூபாயை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் பட்டால் வியர்வை ஏறிவிடும் என்று அப்பா சொல்லி வைத்திருந்ததால், எங்கே கீழே போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் பல் பல்லாக வெட்டிய அந்த விளிம்பை நான் அப்படி இறுக்கிப் பிடித்திருப்பேன். என் வயதுப் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விரலில் மருதாணி. எனக்கு வாய்த்தது இது.

வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அப்பா வேறு வேலைக்குப் போகவில்லை. மில்லில் இருந்த காலத்திலேயே ஆசைக்குச் சேர்த்து வைத்திருந்த வெள்ளைக்காரன் காசுகளை எடுத்துக்கொண்டு, வாராவாரம் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், ஞாயிறு அடைத்துக் கிடக்கும் ஒரு பாத்திரக் கடையின் வாசலில் சிவப்புத் துணியை விரித்து உட்கார்ந்துவிடுவார். ஒரு பக்கம் மலிவு விலை நைட்டிகளைக் குவித்துப்போட்டுக் கூவுவார்கள், இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் குடம். நடுவில் கூவாமல் உட்கார்ந்திருக்கும் ஒரே வியாபாரி என் அப்பா. சுற்றுலா வருகிறவர்கள் பிரெஞ்சுக் காசைத்தான் கேட்பார்கள். அதை இவர் வைத்துக்கொள்ளவே மாட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு கிழவர், எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு ‘சொல்தா’, போகிற போக்கில் நின்று, “பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்ல உக்காந்துக்கினு இங்கிலீஷ்காரன் காச விக்கிறியேப்பா” என்று சீண்டிவிட்டுப் போவார். அப்பா சிரித்துக்கொள்வார். வியாபாரத்துக்கு ஏற்ற மனுஷர் இல்லை என்பது எங்கள் தெரு நாய்க்கும் தெரியும்.

அவருக்கு இருந்தது வேறு பைத்தியம். ஒரே ரூபாயில் எத்தனை தினுசு என்பதுதான் அவருடைய உலகம். ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் முதல் வருஷ ரூபாயில், அவர் போட்டிருக்கும் அங்கியில் தொங்குகிற யானைக்குத் தும்பிக்கை குட்டையாகப் போய், பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கும். ஜனங்கள் முகம் சுளிக்க, அடுத்த வருஷமே தும்பிக்கையை நீட்டி அடித்தார்களாம். மார்க்கெட்டில் அதற்குப் ‘பன்னி ரூபா’ என்று பெயர். ஆனால் அப்பாவின் உயிர் ராணி ரூபாயில்தான் இருந்தது. விக்டோரியா ராணியின் ரூபாய் ஒன்றில், வருஷங்கள் உருண்டாலும் அச்சில் வருஷத்தை மாற்றாமல், பின்பக்கத்தில் கடுகைவிடச் சின்னதாகப் புள்ளிகளை மட்டும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மேலே ஒன்று, கீழே நான்கு என்று அந்தப் ‘புள்ளி ரூபா’க்களை ஒவ்வொன்றாக, பாகூர்ப் பக்கத்து விவசாயிகளிடமும் அடகுக் கடைகளிலும் தேடித் தேடிச் சேர்த்து, கிட்டத்தட்ட முழு வரிசையாக ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். எல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கும். அந்தக் கறுப்பு தானாக, நூறு வருஷத்துக்கும் மேலாக ஏறிய கறுப்பு. அதுதான் காசுக்குத் தோல் மாதிரி, உரித்தால் போச்சு என்பார். துணியின் முன்னால் குந்தி உட்கார்ந்து காசைக் கையில் எடுக்கிற எவரிடமும், வாங்குகிறாரோ இல்லையோ, “கழுவிடாதீங்க, துடைக்கக்கூட வேணாம்” என்று சொல்லாமல் அனுப்பியதில்லை.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லும்படியான பேச்சு அவர்களுக்குள் இருக்கவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டில், அம்மா தையல் மிஷினில் ஜாக்கெட் தைத்து வந்ததில்தான் அடுப்பு எரிந்தது. அவளைப் பொறுத்தவரை அந்த டின்னில் இருந்தது ‘செல்லாக் காசு’. அந்தப் பேச்சை எடுத்தாலே சண்டையில்தான் முடிந்தது என்பதால், டின் பீரோவின் மேல் இருக்கும், அம்மா அதைத் தொட மாட்டாள், அப்பா அவள் எதிரில் அதைத் திறக்க மாட்டார் என்று வாய்விட்டுச் சொல்லாத ஓர் உடன்படிக்கையில் இரண்டு பேரும் காலம் தள்ளினார்கள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மிஷினைத் துடைத்து, கத்தரிக்கோல், அரிவாள்மணை, அப்பாவின் சைக்கிள் என்று எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைக்கும்போது, டின்னையும் வைக்கலாமா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, “அது சோறு போட்டா வெக்கிறேன்” என்றாள்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். காசு சேர்ப்பவர்களுக்கு வாங்கிக் கொடுப்பது அவர் தொழில். புள்ளி ரூபாய்களைப் பார்த்ததும் அந்த நைட்டிக் கூச்சலுக்கு நடுவே அரை மணி நேரம் குந்தியபடியே இருந்தார். பிரித்து விற்க வேண்டாம், வரிசையாக நானே எடுத்துக்கொள்கிறேன், விஜயதசமியன்று நல்ல நாளாக வீட்டுக்கே வருகிறேன் என்று சொல்லிப் போனார். அவர் சொன்ன தொகை வந்தால் நேரு வீதிச் சந்து ஒன்றில் பாதிக் கடையாவது பிடித்து, அப்பா நடைபாதையை விட்டு எழுந்துவிடலாம். வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் முடிவாகியிருந்தது. உழவர்கரையில் என் மாமா வேலை பார்த்த கம்பெனியில் வாட்ச்மேன் இடம் ஒன்று காலியாக இருந்தது. ஆயுத பூஜை வரைக்கும் பொறுப்பேன், அதற்குப் பிறகு மாமாவோடு போய்ச் சேர வேண்டியதுதான் என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

ஆனால் புரட்டாசி நெருங்க நெருங்க அம்மா மாறினாள். சமையலறையில் என்னைத் தனியாகப் பிடித்து, சென்னைக்காரர் எப்படிப்பட்டவர், காசைக் கையில் எடுத்துப் பார்த்தாரா, என்ன சொன்னார் என்று துருவித் துருவிக் கேட்டாள். எதிர்வீட்டு அக்காவிடம், எங்க வீட்டுக்காரரைத் தேடி மெட்ராஸ்லேர்ந்து ஆள் வராங்க என்று அவள் சொன்னதை நானே கேட்டேன். அந்தக் குரலில் அவ்வளவு பெருமையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஆயுத பூஜையன்று காலை அப்பாவும் நானும் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ப் பூசணிக்காய், பொரி, வாழைக்கன்று எல்லாம் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பினோம். வாசற்படி தாண்டும்போதே புளி வாசனை. சாமி படங்களுக்கு முன்னால் மாலை போட்ட தையல் மிஷின், அதன் பக்கத்தில் வாழையிலை போட்ட தாம்பாளம். தாம்பாளத்தில் அப்பாவின் புள்ளி ரூபாய்கள் அத்தனையும், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, நேற்று அச்சடித்ததுபோல் பளபளவென்று வரிசையாக இருந்தன. ஒவ்வொரு ராணியின் நெற்றியிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் துளிக் குங்குமம். அம்மா கல்யாணப் பட்டுப் புடவையில் இருந்தாள். தேய்த்துத் தேய்த்து விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“நாளைக்கு வர்றவரு பாத்தா என்ன நெனப்பாரு? எப்பேர்ப்பட்ட காச இப்பிடிக் கருமமா வெச்சிருக்கீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, புதுப்பெண் மாதிரி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளை அழுத்தியது. பூசணிக்காயை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, “நல்லா இருக்கு” என்றார். பிறகு குளித்துவிட்டு வந்து, கற்பூரம் காட்டி, எல்லோருக்கும் பொரி கொடுத்தார். அன்றைய சாப்பாட்டில் வடை இருந்தது, பாயசம் இருந்தது.

சென்னைக்காரருக்கு முன்கூட்டியே போன் செய்து வர வேண்டாம் என்று அப்பா ஏன் சொல்லவில்லை என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தெருமுனையில் டெலிபோன் பூத் இருந்தது. சொல்லியிருந்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். இல்லை, கழுவியதை அவர் கண்டுபிடிக்காமல் போகலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கை இருந்ததோ என்னவோ. மறுநாள் அவர் சொன்னபடி வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அதற்கு வேலையே இல்லை. முதல் ரூபாயை வெளிச்சத்தில் சாய்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

“யார் கழுவினது?” என்றார்.

அம்மா காபித் தம்ளரோடு சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள்.

“நான்தான் சார். பூஜைக்கு” என்றார் அப்பா.

“நீங்களா? உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் சார்.”

அந்த மனிதர் அப்பாவைச் சிறிது நேரம் பார்த்தார். காபியைக் குடித்தார். வேண்டுமானால் வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று தயங்கிச் சொன்னார். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார். பையை மூடிக்கொண்டு அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அவரை வழியனுப்ப அப்பா வாசலுக்குப் போனதுமே அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்தாள். “கழுவக் கூடாதாடி?” நான் தலையை மட்டும் ஆட்டினேன். “சொல்லியிருக்கலாமே” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

அடுத்த வாரம் அப்பா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு உழவர்கரைக்குப் போனார். சாகிற வரையில் அந்தக் காசுகளைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் இதைப் பெருந்தன்மை என்பார்கள். எனக்கு இன்று வரை கோபம்தான் வருகிறது. அன்றைக்கு நாலு வார்த்தை கத்தியிருந்தால் அம்மாவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அழுதிருப்பாள், எப்போதும்போல் சண்டை ஒரு மாதத்தில் தீர்ந்திருக்கும். பழியை அவர் எடுத்துக்கொண்டதில் அவளுக்கு மன்னிப்புக் கேட்கக்கூட இடமில்லாமல் போய்விட்டது. அவருடைய வியாபாரத்தை அவள் மதித்தது அந்த ஒரே ஒரு நாள்.

இப்போது அம்மா என்னோடு லாஸ்பேட்டையில் இருக்கிறாள். அந்தப் பாத்திரக் கடை இல்லை. அதன் வாசலில் செல்போன் உறை விற்கிறார்கள். பழைய காசு வேண்டுமென்றால் இன்றும் அந்த வீதியில் கிடைக்கும், புதிதாக வார்த்துக் கறுப்பேற்றிய போலி. சொல்தாக்கள் அநேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிஸ்கட் டின்னை மட்டும் அம்மா வீடு மாறும்போதெல்லாம் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவுவாள், அதை மட்டும் தண்ணீர் படாத இடத்தில் வைப்பாள். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து மூடுவாள். எதற்காக என்று நெடுநாள் எனக்குப் புரியவில்லை. கறுப்புத் திரும்பி வருகிறதா என்று பார்த்திருக்கிறாள்.

போன ஆயுத பூஜைக்குக் கண் புரை முற்றி அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு ரூபாயை, விளிம்பில் பிடித்து, என்னிடம் நீட்டினாள். “பாத்துச் சொல்லு. பழையபடி ஆயிடுச்சா?”

ஓரங்களில் கறுப்பு ஏறியிருந்தது. அதற்கு அடியில் சாம்பல் கீறிய கோடுகள் அப்படியே இருந்தன. ஆயிடுச்சு என்று சொல்வது எனக்குச் சுலபம். அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

“ஆகாதும்மா. எத்தினி வருஷம் வெச்சாலும் ஆகாது” என்றேன்.

“ஒருத்தராவது சொன்னீங்களே” என்றாள் அம்மா. பிறகு, நாளைக்கே வெள்ளிக் கடையில் போட்டுவிடச் சொன்னாள். நான் போட்டுவிட்டேன். புள்ளி உள்ளது, இல்லாதது, மேலே ஒன்று, கீழே நான்கு, எல்லாம் ஒரே தட்டில் விழுந்தன.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. “ஏன் கழுவினீங்கன்னு கடைக்காரன் கேட்டானா?” என்றாள்.

“கேக்கலம்மா. திருப்பிக்கூடப் பாக்கல.”

அம்மா தலையாட்டினாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட நேரமாகிவிட்டது என்று, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.