மாத்திரை வாரம்

சாங்லியில் எங்கள் சந்து முனையிலிருக்கும் மருந்துக் கடையில் உட்காருபவள் வைஜயந்தி, எல்லோருக்கும் வைஜு. பெயர்ப் பலகையில் புருஷன் திலீப்பின் பேர்தான் இருக்கும். அவன் அதிகாரமெல்லாம் அந்தப் பலகையோடு சரி.

பிள்ளையார் சதுர்த்திக்குப் பதினைந்து நாள் முன்பே பெண்கள் கடைக்கு வர ஆரம்பித்துவிடுவார்கள். யாரும் மருந்தின் பேர் சொல்ல மாட்டார்கள். "வைஜு, அது ஒரு அட்டை" என்பார்கள். பக்கத்தில் ஆண்கள் நின்றால் அதுவும் கிடையாது, கண் ஜாடைதான். பிள்ளையார் வந்து இரண்டொரு நாளில் அவர் அம்மா கௌரி வருவாள், மருமகள் கையில் ஏந்தித்தான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும், மூன்று நாள் தங்குவாள். அந்த மூன்று நாளில் மருமகளுக்குத் தூரம் வந்துவிடக் கூடாது, அதைத் தள்ளிப்போடத்தான் அந்த மாத்திரை. யாருக்கு எந்தத் தேதி என்பது வைஜுவுக்குத் தலைகீழ்ப் பாடம். "உனக்குப் பன்னெண்டுதானே? ஒன்பதாம் தேதியே ஆரம்பிச்சுடு. நடுவுல மறந்துட்டு அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதே" என்று அதட்டித்தான் கொடுப்பாள். ஈரோட்டிலிருந்து மஞ்சள் வியாபாரிக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். இருபத்திரண்டு வருஷமாகியும் என் புருஷனுக்குத் தெரியாத என் தேதி வைஜுவுக்குத் தெரியும்.

அவளும் பத்து வருஷம் போட்டாள். அந்த நாட்களுக்கு அவள் வீட்டில் 'மாத்திரை வாரம்' என்றே பேர். வயிறு உப்பிக்கொள்ளும், குமட்டும். மார்பு கல்லாகக் கனத்து வலிக்கும், மகள் ஈஷா ஓடிவந்து கட்டிக்கொண்டால் அலறிவிடுவாள். பூரண் போளி அழகாக உப்பினால் அழுவாள், உப்பாவிட்டால் பால்காரரோடு சண்டைக்குப் போவாள். திலீப் பெட்டிப் பாம்பாகக் கடைக்குள் ஒடுங்கிக் கிடப்பான். மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் உதிரம் கொட்ட ஆரம்பிக்கும். எட்டு நாளைக்கு மனுஷி எழுந்திருக்க மாட்டாள்.

போன வருஷம் இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்துபோனது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது, இனி அந்த மாத்திரை பக்கமே போகாதே, உயிருக்கு ஆபத்து என்றுவிட்டார் டாக்டரம்மா. இந்த வருஷம் வைஜுவின் தேதி சரியாகக் கௌரி வரும் அன்றைக்கே.

மாமியார் சுமதிபாய் கேட்கவில்லை. "நின்னுக்கிட்டே வேலை செஞ்சா யாருக்கும்தான் கால் வீங்கும். நாப்பது வருஷமா இந்த வீட்டு கௌரி மருமக கையிலதான் உள்ள வந்திருக்கா. ஒரு வாரம்தானே, போட்டுக்கோ" என்றாள். திலீப் வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் வைஜு என்னைக் கடைக்குள் இழுத்து, "அக்கா, நான் சாகத் தயாரில்லை. கால்சியம் மாத்திரை முழுங்கப் போறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றாள்.

"தேதி வந்துட்டா?"

"வந்தா பாத்துக்கலாம்."

காலையும் மாலையும் மாமியார் கண்ணெதிரே அந்தப் பெரிய கால்சியம் மாத்திரையை உள்ளங்கையில் மறைத்து, ஒரு சொம்புத் தண்ணீரோடு விழுங்கினாள். மாத்திரை போட்டால் கோபம் வர வேண்டுமே, அதையும் குறைவில்லாமல் காட்டினாள். ஈரத்துண்டைக் கட்டிலில் போடுகிறான் என்று திலீப்பை வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஊரிலிருந்து வந்த நாத்தனாரை, வந்த இடத்தில் ஒரு டம்ளராவது கழுவியிருக்கிறாயா என்று கேட்டாள். கடைசியில் மாமியாரிடமே, "ஆயி, உங்க புளிச்சகீரைக் குழம்பு உப்பு. நேத்தும் உப்பு, பதினோரு வருஷமா உப்பு" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் "பாவம், மாத்திரை" என்று பொறுத்துக்கொண்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு வாரம் கிடைத்தால் எனக்கும் சொல்ல ஆட்கள் உண்டு.

கௌரி வரும் நாள் காலை. துளசி மாடத்திலிருந்து வாசல்வரை குங்குமத்தால் சின்னச் சின்னப் பாதங்கள் போட்டாகிவிட்டது. பட்டுப் புடவையில், கௌரியின் பித்தளை முகத்தைத் தட்டில் ஏந்தி நின்றாள் வைஜு. கரண்டியால் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு போவது என் வேலை. பக்கத்தில் போனேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, விடியக்காலையிலே வந்துடுச்சு."

"சொல்லிடு."

"சொன்னா கௌரி இப்படியே வெளியில நிப்பா. நாத்தனார் முன்னாடி என் மானம் போயிடும். சொல்லாம போனா எனக்கே பயமா இருக்கு."

தாம்பாளத்தைத் தட்டினேன். குங்குமப் பாதங்கள் மேல் ஒவ்வொரு அடியாக வைத்து வாசலுக்கு வந்தாள். நிலைப்படிக்கு உள்ளே நின்று சுமதிபாய் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"கௌரி எந்தக் காலோட வந்தா?"

பொன் காலோடு வந்தாள் என்று சொல்ல வேண்டும். வைஜுவுக்கு வாய் வரவில்லை.

"ஆயி, நான் வந்து..."

"தெரியும்" என்றாள் சுமதிபாய், எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "உளுத்தம்பருப்பு அளவு மாத்திரைக்கு யாருடி ஒரு சொம்புத் தண்ணி குடிப்பா? திங்கக்கிழமை ஈஷாவைத் தூக்கி மாரோட அணைச்சுக் கொஞ்சினே. மாத்திரை போட்ட உடம்பு அதைத் தாங்குமா? பத்து வருஷமா பாக்கறேன் இல்ல?"

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"குழம்பு உப்புன்னியே. கொஞ்சம் தவிக்கட்டும்னு விட்டேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சுமதிபாய் சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். வைஜுவின் பட்டுக் கரையை நாலு விரற்கடை தூக்கி, இடது கெண்டைக்காலைப் பெருவிரலால் அங்கங்கே அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை. நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

பிறகு சந்துக்கே கேட்கும் குரலில் மறுபடி கேட்டாள்.

"கௌரி எந்தக் காலோட வந்தா?"

மாத்திரை போடாமலே வைஜு தேம்பி அழுதாள். "வலிக்காத காலோட வந்தா, ஆயி."

"உள்ள வா" என்றாள் சுமதிபாய்.