இறால் தராசில் ஒரு பச்சைக்குழந்தை

அன்று காலை நடந்தது இந்த வரிசையில்:

1. பிரசவமாகி வீடு திரும்பிய தாய்மார்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ் வேலையில், முதல் முறையாகத் தனியாகப் போனேன். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை பேருந்து, அங்கிருந்து ஏரியோரக் குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ.
2. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.
3. அவளுடைய அக்கா அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பால்பவுடர் டப்பா, இன்னும் திறக்காதது.
4. நேற்று தன் தராசில் எடை போட்டதில், குழந்தை பிறந்தபோது இருந்ததைவிட அரைக்கிலோ இளைத்துவிட்டது, தங்கச்சிக்குப் பால் போதவில்லை, இனி பவுடர்தான் என்றாள் அக்கா.
5. நான் பையை இறக்கி வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிப் பார்த்தேன்.

இரண்டு வாரம்கூட ஆகாத குழந்தை அரைக்கிலோ இளைத்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் வலை உலர்த்தும் கழியில் ஈரத்துணிகள் இடமில்லாமல் தொங்கின. பால் கிடைக்காத குழந்தை இத்தனை துணி நனைக்காது. கண் தெளிவாக இருந்தது. நாக்கு ஈரமாக இருந்தது. கன்னத்தைத் தொட்டதும் வாயைத் திறந்துகொண்டு என் விரல் பக்கம் திரும்பியது. பையிலிருந்த தராசை எடுத்துக் குழந்தையைப் படுக்க வைத்தேன். பிறந்த எடையைவிடக் கூடுதலாகவே காட்டியது.

“அக்கா, பாப்பா ஏறித்தான் இருக்கா.”

“உன் தராசு பொம்மை மாதிரி கீது. நம்மளுது எறா போடற தராசு. அது தப்பா காட்டினா ஏலத்துல என்னிய சும்மா வுடுவானுங்களா?” அவள் ஏரிக்கரையில் இறால் வாங்கி விற்பவள். “உனுக்கு கல்யாணம் ஆயிடுச்சா சிஸ்டர்?”

“இல்லக்கா.”

“அதான். படிச்சத ஒப்பிக்கிற.”

வாசலில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அவர்களுடைய அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார். “கொயந்த ஒண்ணுதான், தராசு ரெண்டு. ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது.”

“நீ சும்மா இரு நைனா.”

“நேத்து எப்படி எடை போட்டீங்களோ, அப்படியே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கக்கா,” என்றேன்.

அவள் விறுவிறுவென்று செய்தாள். பழக்கப்பட்ட கை. தராசின்மேல் வெறும் பிளாஸ்டிக் கூடையை வைத்து ஆன் செய்தாள். பூஜ்யம் வந்தது. கூடையின் எடை கழிந்து இறாலின் எடை மட்டும் தெரிவதற்காக அந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அடுத்து, கவிச்சி அடிக்கும் கூடையில் பிள்ளையைப் போட மனசு வராமல், கூடையை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பழைய புடவையை மடித்துப் போட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என் குரலே எனக்கு வேகமாகக் கேட்டது.

“அக்கா, பாப்பாவை இப்ப வைக்காதீங்க. நம்பருக்கு முன்னாடி ஒரு கோடு தெரியுது பாருங்க. கூடையை எடுத்ததும் தராசு பூஜ்யத்துக்குக் கீழ போயிடுச்சு. கூடையோட எடையைப் பாப்பாகிட்டேருந்து கழிக்குது.”

அவள் கோட்டைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். தராசை ஆஃப் செய்து, புடவையை மட்டும் வைத்து மறுபடி ஆன் செய்து, குழந்தையைக் கிடத்தினாள். என் தராசு காட்டியதேதான், சில கிராம் முன்னே பின்னே.

“அடப்பாவமே,” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். “எறாவுக்கு கழிக்கிற மாதிரி பொண்ணுக்கு கழிச்சிட்டனே.”

“எறாவோட வர்ற ஐஸ் தண்ணிக்கும் கொஞ்சம் கழிச்சிருக்கலாம்,” என்றார் நைனா.

தங்கச்சி சிரிக்கவில்லை. “அப்போ எனக்கு பால் கீதா சிஸ்டர்?”

“இருக்கும்மா. உன் பால்லதான் இவ ஏறியிருக்கா.”

“அப்போ ஏன் இப்டி வலிக்குது? அவ வாய வச்சாலே உயிர் போவுது.”

எடைக் குழப்பம் தீர்ந்ததும் என் வேலை முடிந்தது என்று எழுந்திருக்கப் பார்த்தேன். நல்லவேளை, அவள் கேட்டாள். கொடுக்கச் சொல்லிப் பார்த்தேன். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வியது. இரண்டு பக்கமும் வெடித்துப் புண்ணாகியிருந்தது. இந்த வலிக்கு யாராக இருந்தாலும் பவுடருக்கு மாறியிருப்பார்.

அவளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். குழந்தையின் வயிறு அவள் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினேன். வாய் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருக்கச் சொன்னேன். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை கருவட்டத்தோடு சேர்த்துப் பிடித்தது. தோள்கள் இறங்கி, அவள் மூச்சை விட்டாள். கொஞ்ச நேரத்தில் ‘க்ளுக்’ என்று விழுங்கும் சத்தம் கேட்டது. பயிற்சியில் இதை ஒரு பொம்மையை வைத்துத்தான் பழகியிருந்தேன். பொம்மை விழுங்காது. நான் ஒவ்வொரு விழுங்கலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா அடுப்பை அணைத்தாள்.

இப்போதைய நிலவரம்: குழந்தை தாய்ப்பால் மட்டும் குடிக்கிறாள், எடையும் ஏறுகிறது. தாய்க்கு வலது பக்கம் ஆறிவிட்டது. இடது பக்கம் முழுதாக ஆறவில்லை; கொடுக்கும்போது முதலில் கொஞ்சம் வலிக்கிறது, பிறகு இல்லை.