ஒட்டுக்குக் கீழே

பெரியப்பா என் உள்ளங்கையில் வைத்த அந்தச் சாத்துக்குடி இலை இன்னும் கண்ணில் நிற்கிறது. இலை முழுவதும் மஞ்சள். நரம்புகள் மட்டும் பச்சை. மரத்தில் கொழுந்துகள்தான் அப்படி இருந்தன. பழைய இலைகளுக்கு ஒன்றுமில்லை. "பாரு, வலை கணக்கா இருக்கு. இன்னா நோவுனு யாரையாச்சும் கேட்டுச் சொல்லு" என்றார்.

அந்த மரம் அவருடைய ஒரே மகனான அண்ணன் வைத்த ஒட்டுக்கன்று. பெரியப்பாவின் ஊரான பசியாவரம் உப்பு ஏரிக்கு நடுவே இருக்கிறது; மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் முற்றம் வரை வரும். கன்று மூழ்காமலிருக்க அவனே கிளிஞ்சலைக் கொட்டி மேடாக்கி நட்டான். அதன் பிறகு ஒருநாள் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. படகு கிடைத்தது; அவன் கிடைக்கவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று உறவினர்கள் சொன்னபோதெல்லாம் பெரியப்பா மரத்தைக் காட்டினார். "அவன் வெச்சது நிக்குது. அது நிக்கிற வரைக்கும் எவனும் காரியம் கீரியம்னு பேசாதீங்க." பெரியம்மா உள்ளே போய்விடுவார்.

மஞ்சளைக் கண்டதும் உப்பு ஏறிவிட்டது என்று நினைத்துப் பெரியப்பா மேலும் கிளிஞ்சல் கொட்டியிருந்தார். மஞ்சள் கூடியது. மீஞ்சூரில் நர்சரி வைத்திருந்தவர் இலையைப் பார்த்து, "இரும்புச்சத்து பத்தல" என்றார். நான் அதைப் போனில் சொன்னேன். அடுத்த முறை போனபோது மரத்தடியில் பழைய நங்கூரம் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. சுற்றிலும் துருப்பிடித்த படகு ஆணிகள். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "இன்னா மாமா, மரத்துக்கு நங்கூரம் போட்டுட்ட? ராவோட ராவா ஓடிடப் போவுதா?"

"ஓடக் கூடாதுனுதான்டா போட்டேன்" என்றார் பெரியப்பா. அவர் சிரிக்கவில்லை.

நங்கூரத்தைப் பற்றிச் சொன்னதும் நர்சரிக்காரர் சிரித்தார். "மண்ணுல இரும்பு இல்லாம இல்ல சார். கிளிஞ்சல் பூரா சுண்ணாம்பு. அது இரும்பை வேருக்கு விடாது. எதுர்ல சோறு இருக்கு, வாயைக் கட்டிப் போட்டிருக்கு." கிளிஞ்சலை அள்ளிவிட்டு மக்கிய எருவும் நல்ல மண்ணும் போடச் சொன்னார், அதுவரை இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளிக்கலாம் என்றார். பெரியப்பா தெளித்தார். தெளித்த இலைகள் திட்டுத் திட்டாகப் பச்சை கட்டின. அடுத்து வந்த கொழுந்து மறுபடி மஞ்சள். தான் கொட்டியதை அள்ளி ஓரமாகப் போட்டார். அடியிலிருந்த மேட்டை மட்டும் தொடவில்லை. "அது அவன் கொட்டினது. நான் கை வெக்க மாட்டேன்."

இந்த ஆண்டு மழை விட்டதும் அவரே கூப்பிட்டார். "தழைச்சுட்டுது, வந்து பாரு." போனேன். மேல்கிளைகள் நுனியிலிருந்து காய்ந்திருந்தன. அடியிலிருந்து ஒரு கிளை நிமிர்ந்து நின்றது. இலையில் மஞ்சளே இல்லை, முள் மட்டும் நீளம். குனிந்து பார்த்தேன். தண்டில் ஒட்டுக் கட்டிய தழும்பு தெளிவாகத் தெரிந்தது. கிளை அதற்குக் கீழே, வேராக நின்ற காட்டு எலுமிச்சையிலிருந்து வந்திருந்தது. தழும்புக்கு மேலே நகத்தால் கீறினேன். பட்டைக்கடியில் பச்சை இல்லை; ஒட்டிய சாத்துக்குடி பட்டுப்போயிருந்தது.

பெரியம்மா வாசலில் வந்து நின்றார். "நீ சொல்லுப்பா. அது அவன் மரம்தானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா மரத்தடியில் உட்கார்ந்தார். ஓரத்தில் கிடந்த கிளிஞ்சலை இரண்டு கைகளாலும் வாரி வாரித் தண்டைச் சுற்றிக் குவித்தார். தழும்பு மறைந்த பிறகும் குவித்துக்கொண்டிருந்தார்.

"அவன் மரந்தான்" என்றார். "கேக்குறா பாரு கேள்வி."