ரோமெல் காட்டிய படம்

நீங்கள் அன்று அந்த மன்றத்தில் இருக்கவில்லை. ஆகவே உங்களைத்தான் சாட்சியாக அழைக்கிறேன். இருந்தவர்களில் பெரும்பாலோர் கைதட்டிவிட்டார்கள். கைதட்டியவர்களைக் கூண்டில் ஏற்றிப் பயனில்லை.

இன்று காலை அம்மா சாளைக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். பிலிப்பைன்சில் மீண்டும் ஒரு புயல். இடுப்பளவு நீரில் நின்று சிரிக்கும் மக்கள். கருவாட்டு வாசமும் அந்த நாட்டின் செய்தியும் ஒரே நேரத்தில் வந்தால் எனக்கு ரோமெலின் முகம் நினைவுக்கு வந்தே தீரும்.

ரோமெல், இந்தோனேசியாவிலிருந்து தூத்துக்குடிக்கு அடிக்கடி நிலக்கரி கொண்டுவந்த ஒரு கப்பலின் சமையற்காரன், பிலிப்பைன்ஸ் நாட்டவன், என் வயதுக்காரன். நான் அப்போது கல்லூரி முடித்து, கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். வீட்டுச் சுவரை நிறைத்தவை பேச்சுப் போட்டிக் கேடயங்கள். வேலையோ வெங்காய மூட்டையில் அழுகல் இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பது. நாவன்மைக்கு அங்கே பெரிய தேவை இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரோமெல் திரேஸ்புரத்து மீனவர்களிடம் கருவாடு வாங்கி வறுத்து, பூண்டு ஊறிய வினிகரில் தோய்த்துக் காலைச் சோற்றோடு உண்பான். அவனுடைய சமையலறையில் நான் நுழைந்தால் சட்டையெல்லாம் அந்த வாசம் ஏறிவிடும்.

துறைமுக வாசலருகே மாலுமிகளுக்கென ஒரு மன்றம் இருந்தது. கேரம் பலகை, தேநீர், இலவச இணையம், இவற்றுக்கெல்லாம் பொறுப்பாளராகக் கஸ்பார் அண்ணாச்சி. கப்பல் துறையில் கட்டியிருக்கும் நாட்களில் ரோமெல் மாலைதோறும் வந்து தன் நாட்டுச் செய்திகளை எனக்கு வாசித்துக் காட்டுவான். ஒரு குத்துச்சண்டை வீரன் வென்றிருப்பான். ஒருத்தி அழகிப் பட்டம் பெற்றிருப்பாள். எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒரு செவிலியைப் பாராட்டியிருப்பார்கள். எல்லாரும் அவனுடைய மனிதர்கள். வேற்று நாட்டுப் பாடகன் ஒருவனின் பாட்டி மணிலாக்காரி என்று தெரிந்தால் அவனையும் சேர்த்துக்கொள்வான். நான் சிரித்தேன். கஸ்பார் அண்ணாச்சி விடவில்லை. "ஏலே, நீ மட்டும் கொறச்சலா? எங்கயோ ஒரு தமிழன் மந்திரியானா, உன் சித்தப்பன் ஆன மாதிரில்லா பேசுத."

ஒருமுறை வீட்டுக்கு அழைத்து வந்தேன். வாசலில் நின்ற அம்மாவின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். அவர்கள் நாட்டில் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. எங்கள் கத்தோலிக்க வீடுகளிலும் மாலைச் செபம் முடிந்ததும் பிள்ளைகள் பெரியவர்களிடம் தோத்திரம் என்று ஆசி வாங்குவதுண்டு. அம்மா சற்றும் திகைக்காமல் அவன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்தார்கள். "தோத்திரம் வாங்கத் தெரிஞ்ச புள்ள" என்று சொல்லி இலையில் மீன் வைத்தார்கள். நான் சும்மா இருந்தேனா? போர்த்துக்கீசியர் இங்கே, ஸ்பானியர் அங்கே என்று இரு கரைகளின் பண்பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் நீண்டதோர் உரை ஆற்றினேன். மீன் ஆறிப்போயிற்று.

அந்த ஆண்டு டிசம்பரில் அவனுடைய தீவைப் புயல் தாக்கியது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மன்றத்துக்குப் போனேன். ரோமெல் ஓடிவந்து, செய்தியில் வந்த ஒரு படத்தோடு கைப்பேசியை நீட்டினான். கூரை பறந்த வீட்டின் முன்னால் நான்கு பெண்கள் பானையைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். கீழே, உடையாத மக்கள் என்று ஒரு வாசகம். "பார்" என்று விரலை வைத்தான். அவன் அடுத்த சொல்லைத் தொடங்கும் முன்பே கைப்பேசியை வாங்கிக்கொண்டேன். பேசுவதற்குத் தலைப்பு கிடைத்துவிட்டது எனக்கு.

கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சிக்காகக் கல்லூரி மாணவர்கள் வந்திருந்தார்கள். அவர்களின் ஒலிவாங்கி சும்மா இருந்தது. கேடயம் வாங்கியவன் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று அண்ணாச்சிதான் தூண்டினார். நான் படத்தை உயர்த்திக் காட்டினேன். இந்தச் சிரிப்பு பெருமையா, பேதைமையா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பிள்ளைகளைக் கடல் தாண்டி வேலைக்கு அனுப்பிவிட்டு அதையே பெருமை என்று கொண்டாடும் நாடு இவர்களுடையது என்றேன். மக்கள் சிரிக்கும்வரை எந்த அதிகாரிக்கும் கூரை போட்டுக் கொடுக்கும் அவசரம் வராது என்றேன். இன்றும் சொல்வேன், வாதத்தில் பிழையில்லை. மாணவர்கள் கைதட்டினார்கள். ஆங்கிலம் அவ்வளவாக அறியாத அண்ணாச்சி எல்லாரையும்விட உரக்கத் தட்டினார்.

ரோமெல் ஒலிவாங்கியருகே வந்து கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னான்: "மூன்றாவதாக நிற்பவள் என் தங்கை. இரண்டு நாளாகத் தொலைபேசி இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு என்னிடம் இருப்பது இந்தப் படம் மட்டும்தான்."

அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். பட்டிமன்ற மேடையில் ஏறுபவன் தனக்குக் கொடுத்த பக்கத்தைப் பேசுவான், அதைச் சொந்தக் கருத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றேன்.

"உனக்கு அந்தப் பக்கத்தை யார் கொடுத்தது?" என்று கேட்டான்.

எத்தனையோ நடுவர்களுக்கு மறுமொழி சொன்ன நான், ஒலிவாங்கியை மாணவர்களிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் சாமான் வண்டியோடு கப்பலடிக்குப் போனபோது வேறொருவர் வந்து ரசீதில் கையெழுத்திட்டார். ரோமெல் படுத்திருப்பதாகச் சொன்னார். அன்று மாலையே கப்பல் புறப்பட்டது. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா என்னைத் திட்டவில்லை. "அந்தப் பொண்ணு பேரு என்னல?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அவன் நாட்டின் குத்துச்சண்டைக்காரர்களையும் அழகிகளையும் பெயர் பெயராகச் சொல்ல என்னால் முடிந்தது. அவனுக்கு ஒரு தங்கை இருப்பதே முந்தைய நாள்தான் தெரியும். கைப்பேசியில் நான் எழுதிய செய்திகளை அவன் படித்தான் என்பதற்கு நீலக் குறிகள் வந்தன, பதில் வரவில்லை. பிறகு அந்தக் கப்பலும் வேறு தடத்துக்குப் போய்விட்டது.

இப்போது பேச்சுப் போட்டிகளுக்கு என்னை நடுவராக அழைக்கிறார்கள். மாலை போடுகிறார்கள், காரில் கொண்டுவந்து விடுகிறார்கள். தேநீர் குடிக்க வா என்று அழைக்கத்தான் ஒருவரும் இல்லை. மாலுமிகளுக்குக் கப்பலிலேயே இணையம் கிடைத்துவிட்டது, அவர்கள் கரையேறுவதில்லை. கஸ்பார் அண்ணாச்சி சென்னையில் மகன் வீட்டோடு போய்விட்டார். மன்றத்தை இடித்து லாரி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள்.

இன்று காலை கருவாட்டைத் தொடாமல் எழுந்து அங்கே போனேன். எந்த இடத்தில் ஒலிவாங்கி இருந்தது என்றுகூட அடையாளம் தெரியவில்லை. உத்தேசமாக ஓரிடத்தில் நின்று வாய்விட்டுச் சொன்னேன். சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஓட்டுநர் நிமிர்ந்து, "யார்ட்ட பேசுதிய அண்ணாச்சி?" என்று கேட்டார். அதையே இரண்டாம் முறையும் சொன்னேன்:

"இனிமே எவன் எங்கிட்ட ஒரு படத்தைக் காட்டினாலும், இது யாரு, பேரு என்னன்னு கேட்டுட்டுத்தான் நான் வாயத் திறப்பேன்."