தண்ணீர் லாரி நின்ற தெரு

வறட்சி வந்தால் ஜலஜாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வெளியே சொன்னால் ஜனங்கள் அடிக்க வருவார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. ஊரே ஏரி வற்றிய கவலையில் கிடக்க, இந்தப் பெண்மணிக்கு மட்டும் இருபது வருடத்துக்கு முந்தைய கோடை ஒன்று நினைவுக்கு வந்து தொலைக்கும்.

அப்போது அவள் திருநெல்வேலியிலிருந்து செகந்திராபாத் பக்கம் சைனிக்புரிக்குக் குடிவந்த புதிது. கணவர் உமாசங்கருக்குப் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் வேலை. அவளுக்குத் தெலுங்கும் வராது, இந்தியும் வராது. மழை பொய்த்து, தெருவில் எல்லார் வீட்டு போரும் காற்றைத்தான் இறைத்தது. தெருமுனையில் தண்ணீர் லாரி வந்து நிற்கும். குடத்தோடு திருதிருவென்று விழித்தவளைக் கையைப் பிடித்து வரிசைக்குள் இழுத்துவிட்டவள் பக்கத்து வீட்டு லலிதாம்பாள் மாமி. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. தமிழும் தெலுங்கும் உருதுவும் அவள் வாயில் ஒரே கூட்டாகத்தான் வரும்.

பாலமூர் பக்கம் வயலெல்லாம் வெடித்துப்போய், மூட்டை முடிச்சோடு கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களும் அந்த வரிசையில் நின்றன. "முதல்ல அவா பிடிக்கட்டும். நமக்கு வீட்ல தொட்டியாவது இருக்கு" என்று மாமி சொல்லிவிட்டால், கர்னல் வீட்டு அம்மாகூட வாயைத் திறக்க மாட்டாள்.

ஜலஜாவின் பிளாஸ்டிக் குடத்தின் மேல் தெருவுக்கே கண். அவர்கள் குடமெல்லாம் எவர்சில்வர், காலியாகவே கனக்கும். அடுத்த தடவை ஊரிலிருந்து வரும்போது கழுத்துக் கழுத்தாகக் கயிறு கட்டி ஒரு குடக் கூட்டத்தையே ரயிலில் ஏற்றினாள். "என்னம்மா, கடை வைக்கப் போறியா?" என்று டிக்கெட் பரிசோதகர் கேட்டார். மாமி சிவப்புக் குடத்தை எடுத்துக்கொண்டாள். நிறைகுடத்தை இடுப்பில் வைத்தபடி இருவரும் தெருவெல்லாம் பேசி, வாசலிலும் நின்று பேசுவார்கள். அவ்வளவு பேச்சு ஜலஜா அதற்குமுன் யாரிடமும் பேசியதில்லை. பிற்பாடு குழாயில் தண்ணீர் வந்தது, பேச்சு மட்டும் நிற்கவில்லை.

இந்த வருடம் மறுபடியும் வறட்சி, குழாயும் நின்றது. லாரி வந்தது. ஆனால் வரிசை இல்லை. போனில் கூப்பிட்டவர் வீட்டுத் தொட்டிக்குள் குழாயை விட்டு ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. கூப்பிட்டாலும் வர நாலு நாள் ஆனது. தனியாக இருந்த மாமி, தன் வீட்டு போர் வற்றிப்போக, ஜலஜா வீட்டு போரிலிருந்து வாளி வாளியாகத் தூக்கினாள். ஜலஜா தூக்கித் தருகிறேன் என்றால் கேட்க மாட்டாள். போன வாரம் படியில் சறுக்கி முழங்கையில் கட்டு.

நகரின் மறுகோடி மாதாப்பூரில் வேலை பார்க்கும் மாமியின் மகள் வித்யாலட்சுமி காரில் வந்து இறங்கினாள். அம்மாவை ஒரேயடியாகக் கூட்டிப் போய்விட்டு, வீட்டை விற்பதாகப் பேச்சு.

"நக்கோ, நான் வரலை" என்றாள் மாமி. "ஜலஜா ஆத்து போர்ல தண்ணி இருக்கு. செவுத்து மேல குழாய் போட்டு எடுத்துப்பேன்."

வித்யாலட்சுமி ஜலஜாவிடம் திரும்பினாள். "ஆன்ட்டி, உண்மையைச் சொல்லுங்கோ. உங்க போர் இந்த சம்மரைத் தாங்குமா? தாங்கும்னா அம்மாவை விட்டுட்டுப் போறேன்."

அன்று காலைதான் மோட்டார் இரண்டு தரம் இருமி, செஞ்சேற்றைக் கக்கியிருந்தது. அது ஜலஜாவைத் தவிர யாருக்கும் தெரியாது. 'தாங்கும்' என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொன்னால் மாமி நாளைக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பாள். மாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாங்காதும்மா" என்றாள் ஜலஜா. "காலைல சேறுதான் வந்துச்சு. கூட்டிட்டுப் போயிரு."

வறட்சி மேல் அவளுக்கு இருந்த அசட்டுப் பிரியம் அத்தோடு செத்தது. மாமி உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். ஜலஜாவும் பின்னாலேயே போனாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் புடவைகளை மடித்தார்கள்.

"ஹவ், ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இங்கேயே இருந்திருப்பேன்" என்றாள் மாமி.

"தெரியும் மாமி."

"அப்பறம் கைக்கு? ஏன் சொல்லலை?"

"எங்க வீட்டு வாளியோட நீங்க விழுந்துட்டா, அதை நான் யாருட்ட போய்ச் சொல்லி அழ?"

மாமி அடுத்த புடவையின் முனையை அவளிடம் நீட்டினாள்.